டிராகன் குவெஸ்ட் 11: பாதி வழியில் இருந்து புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஜப்பானிய ரோல்-பிளேயிங் கேம் எதையும் தொட்டதில்லை, எதில் தொடங்கலாம் என்று யாராவது கேட்டால் டிராகன் குவெஸ்ட் 11 எஸ் என்றுதான் சொல்வேன். இத்தனைக்கும் நானே இன்னும் முடிக்கவில்லை. கப்பல் கைக்கு வந்துவிட்டது, ஊர் ஊராகப் போய் மாய உருண்டைகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

பாதியில் இருக்கும்போதே எழுதக் காரணம் உண்டு. நூறு மணி நேரம் ஆடி முடித்தவர்களின் குறிப்புகளில் கடைசிக்கட்ட ஆயுதங்களும், பாஸ் எனப்படும் பெரிய எதிரிகளில் ரகசியமானவையும்தான் அதிகம் இருக்கும். புதிதாக வருகிறவருக்கு அதெல்லாம் தேவையில்லை. முதல் இருபது மணி நேரத்தில் எங்கே சலிப்பு தட்டும், எங்கே மாட்டிக்கொள்வோம், எதைக் கண்டுகொள்ளாமல் போகலாம் என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டும். அது எனக்கு இன்னும் நன்றாக நினைவிருக்கிறது. கதையில் நடக்கும் பெரிய திருப்பங்கள் எதையும் இங்கே உடைக்கப்போவதில்லை.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கஷ்டமான கேம் இல்லை. கஷ்டமாக இருக்குமோ என்று பயந்து நாம் செய்கிற காரியங்கள்தான் இதைக் கெடுக்கும். ஒரே வயலில் சுற்றிச் சுற்றி மான்ஸ்டர்களை அடித்து லெவல் ஏற்றுவது, பக்கத்தில் ஒரு வீடியோவை ஓடவிட்டு அதைப் பார்த்து ஆடுவது, சண்டையை முழுக்கக் கம்ப்யூட்டரிடம் விட்டுவிடுவது, எல்லாம் அந்த வகைதான். கீழே சொல்லப்போவதில் பாதி, இவற்றைச் செய்யாமல் இருப்பது எப்படி என்பதற்கான யோசனைகள்.

எந்தப் பதிப்பு?

டிராகன் குவெஸ்ட் வரிசை 1986-இல் ஜப்பானில் தொடங்கியது. கதையையும் கேமின் வடிவத்தையும் யூஜி ஹோரி பார்த்துக்கொண்டார், உருவங்களை அகிரா தொரியாமா வரைந்தார், இசை கொய்ச்சி சுகியாமா. பதினோராம் பாகம் வரை இந்த மூவர் கூட்டணி நீடித்தது. சுகியாமா 2021-இலும் தொரியாமா 2024-இலும் காலமானார்கள். டிராகன் பால் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் வரும் முகங்கள், முடி, முழி எல்லாமே எங்கேயோ பார்த்தவை மாதிரி இருக்கும். அதையும் வரைந்த அதே தொரியாமாவின் கைதான்.

பதினோராம் பாகம் 2017-இல் ஜப்பானில் வந்தது. அடுத்த ஆண்டு ஆங்கிலத்தில் வந்தது. 2019-இல் நின்டெண்டோ ஸ்விட்சுக்காக 'எஸ்' என்ற விரிவான பதிப்பு வெளியானது. அதுவே 2020 டிசம்பரில் பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ், கம்ப்யூட்டர் ஆகியவற்றுக்கும் வந்தது. நீங்கள் வாங்க வேண்டியது இந்த எஸ் பதிப்பு. பழைய பதிப்பின் டிஸ்க் எங்கேயாவது மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். அதில் சண்டையை வேகப்படுத்தும் வசதி இல்லை, ஜப்பானியக் குரல் இல்லை, இசையும் கீபோர்டில் வாசித்தது போல ஒலிக்கும். எஸ் பதிப்பில் அதே இசையை முழு ஆர்கெஸ்ட்ராவே வாசித்திருக்கிறது. இத்தனை மணி நேரம் கேட்கப்போகும் இசை என்பதால் இந்த வித்தியாசம் பெரிது.

காசு கொடுப்பதற்கு முன் டெமோவை இறக்கிப் பாருங்கள். இலவசம்தான். பொதுவாக டெமோ என்றால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். இதில் ஏறக்குறைய பத்து மணி நேரம் ஆடலாம், அந்த சேவ் அப்படியே முழு கேமுக்கும் வரும். அந்தப் பத்து மணி நேரத்திலும் உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால், அதற்குப் பிறகு பிடிக்க வாய்ப்பு குறைவு. மெதுவாக நகரும் அதே தாளம்தான் பின்னாலும் தொடர்கிறது.

தமிழ் வசனம் கிடையாது, ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். அதிலும் ஒவ்வொரு ஊர்க்காரர்களும் ஒவ்வொரு விதமாகப் பேசுவார்கள். கொண்டோலியாவில் இத்தாலிக்காரர் பேசும் ஆங்கிலம், ஹாட்டோவில் எல்லோரும் ஹைக்கூ நடையில், கடலுக்கடியில் இருக்கும் நாட்டிகாவில் எதுகை வைத்துப் பாட்டாக. முதலில் கொஞ்சம் தடுமாறும். முக்கியமான தகவலை உங்கள் கூட்டாளிகள் நேரான ஆங்கிலத்தில் மறுபடி சொல்லிவிடுவார்கள், அதனால் ஒரு வரி புரியவில்லை என்று அகராதியைத் தேடி ஓட வேண்டாம்.

புது ஆட்டம் தொடங்கும் திரையில் ஒரு நிமிடம் நில்லுங்கள்

இந்த கேமில் திரும்பப் பெற முடியாத முடிவுகள் அதிகம் இல்லை. ஆனால் ஒன்று, முதல் திரையிலேயே இருக்கிறது. 'டிரகோனியன் குவெஸ்ட்' என்ற பெயரில் சில கட்டுப்பாடுகளை நாமே போட்டுக்கொள்ளலாம். மான்ஸ்டர்கள் வலுவாக இருக்க வேண்டும், கடையில் எதுவும் வாங்கக் கூடாது, கவசம் போடக் கூடாது, இப்படிப் பல. ஆட்டத்தின் நடுவே இவற்றை எப்போது வேண்டுமானாலும் நீக்கிக்கொள்ளலாம். நீக்கியதை மறுபடி சேர்க்க முடியாது. தொடக்கத்தில் போடாததையும் பிறகு போட முடியாது.

என் யோசனை இது. இதுதான் உங்கள் முதல் ரோல்-பிளேயிங் கேம் என்றால் எதையும் தொடாதீர்கள், அப்படியே தொடங்குங்கள். வேறு எந்த கேமிலாவது மாறி மாறித் தாக்கும் சண்டை பழகியிருந்தால், 'வலுவான மான்ஸ்டர்கள்' என்ற ஒன்றை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் ஆடுகிறேன். சாதாரண நிலையில் பெரும்பாலான சண்டைகளை ஒரே பட்டனை அமுக்கியே ஜெயித்துவிடலாம். அப்போது மந்திரம், கவசம், உணவு, முகாம் எதற்கும் பொருள் இல்லாமல் போகும். மிரட்டலாக இருந்தால் முகாம்களில் இருக்கும் தேவதை சிலையிடம் போய் எடுத்துவிடலாம் என்பதால் போட்டுப் பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

மற்றவை வேடிக்கைக்கு. கதாநாயகன் சண்டைக்கு நடுவே திடீரென்று எதையோ நினைத்து வெட்கப்பட்டு நின்றுவிடுவது ஒன்று. ஊர் மக்கள் பொய்யாக அள்ளிவிடுவது இன்னொன்று. இரண்டாம் முறை ஆடுகிறவர்களுக்கு நன்றாக இருக்கும். முதல் முறை ஆடுகிறவருக்கு ஊர்க்காரர் சொல்வது பொய் என்றால் ஒரு இடத்துக்கும் போய்ச்சேர முடியாது.

மெனுவில் மாற்ற வேண்டியவை

விளையாட்டு கைக்கு வந்ததும் மெனுவைத் திறந்து சண்டை வேகத்தைக் கூட்டுங்கள். மூன்று வேகங்கள் இருக்கின்றன. நடுவில் இருப்பது எனக்குச் சரியாக இருக்கிறது. மூன்றாவதில் யார் யாரை அடித்தார் என்று பார்ப்பதற்குள் முடிந்துவிடுகிறது.

சண்டையின்போது கதாபாத்திரத்தைக் களத்தில் நடக்கவிடலாமா, ஒரே இடத்தில் நிற்கவிடலாமா என்றும் ஒரு தேர்வு உண்டு. நடப்பதால் எந்தப் பயனும் இல்லை. பின்னால் போனால் அடி குறையாது, பக்கவாட்டில் நின்றால் கூடுதல் சேதம் கிடையாது. பழைய முறைப்படி நிற்கும் கேமராவைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் குழப்பம் தீர்ந்தது.

கடைசியாக, இது மிக முக்கியம், தாக்குதல் உத்தி. கூட்டாளிகள் தாமாகவே சண்டை போடும்படிதான் கேம் தொடங்கும். அதை 'என் கட்டளைப்படி' என்று மாற்றுங்கள். குறைந்தது பாஸ் சண்டைகளிலாவது. சின்னச்சின்ன சண்டைகளில் அவர்களே பார்த்துக்கொள்ளட்டும், அதில் தப்பில்லை. ஆனால் எல்லாவற்றையும் அவர்களிடமே விட்டுவிட்டால் யாருக்கு என்ன மந்திரம் தெரியும் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும். ஒரு நாள் பாஸ் வந்து நிற்கும்போது முழிப்பீர்கள்.

முதல் சில மணி நேரம்

கோபிள்ஸ்டோன் என்ற கிராமத்தில் வளர்ந்த பையன் நீங்கள். பதினாறு வயது நிறைந்ததும் ஊர் வழக்கப்படி தோழி ஜெம்மாவோடு பெரிய பாறை மலையில் ஏற வேண்டும். அதற்குப் பிறகு தலைநகரான ஹீலியோடாருக்குப் போய் அரசரைப் பார்க்கிறீர்கள். உலகைக் காக்கப் பிறந்தவன் என்று வரவேற்பார்கள் என நினைத்துப் போனால், பேய்ப்பிறவி என்று சொல்லிப் பாதாளச் சிறையில் தள்ளிவிடுகிறார்கள். அங்கே இன்னொரு அறையில் எரிக் என்ற திருடன். இங்கிருந்துதான் கேம் உண்மையில் ஆரம்பிக்கிறது.

அதுவரை கொஞ்சம் பொறுமை வேண்டும். இந்தப் பகுதியில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வீடு வீடாக நுழையுங்கள். பானையை உடையுங்கள், அலமாரியைத் திறங்கள், புத்தக அடுக்கைப் புரட்டுங்கள். வீட்டுக்காரர் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருப்பார், ஒரு வார்த்தை சொல்லமாட்டார். 1986-இலிருந்து இந்த வரிசையில் வந்த எந்த வீரனும் இதற்காகப் பிடிபட்டதில்லை, அரசரின் சிறைக்கு வேறு காரணம் வேண்டியிருந்தது. மூலிகை, பரிசுக்காகச் சேர்க்கும் மினி மெடல், ஆயுதம் செய்யும் குறிப்பு எல்லாம் இப்படித்தான் கிடைக்கும். சிவப்பு அட்டைப் புத்தகம் கண்ணில் பட்டால் விடாதீர்கள், பெரும்பாலும் பட்டறைக் குறிப்பு அதில்தான் இருக்கும்.

வெளியில் தரையில் மின்னும் புள்ளிகளையும் போகிற போக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எல்லாப் பெட்டியையும் திறந்துவிட்டுத்தான் அடுத்த ஊர் என்று உட்காராதீர்கள். சில பெட்டிகள் பூட்டிய கதவுக்குள் இருக்கும், அதற்கான சாவி பிற்பாடுதான் கிடைக்கும்.

மான்ஸ்டர்கள் வயலில் கண்ணுக்குத் தெரியும்படிதான் நடமாடும். வேண்டாம் என்றால் ஒதுங்கிப் போகலாம், குதிரையில் இருந்தால் சின்னவற்றை முட்டித் தள்ளிவிட்டே போகலாம். வழியில் எதிர்ப்படும் சண்டைகளில் பாதியைப் போட்டாலே லெவல் போதும். புது ஊர், புதுப் பகுதி என்று வரும்போது அங்கே இருக்கும் ஒவ்வொரு வகை மான்ஸ்டரோடும் ஓரிரு முறை மோதுங்கள். எது விஷம் வைக்கும், எது தூங்கவைக்கும் என்று தெரிந்துவிடும். அதற்கு மேல் நின்று அடித்துக்கொண்டிருப்பது வேலை செய்வதுபோல ஆகிவிடும்.

வழியில் முகாம் இடங்கள் வரும். தேவதை சிலை ஒன்று நிற்கும், நெருப்பு மூட்டி உட்காரலாம். இலவசமாகத் தூங்கி எழுந்தால் எச்பி (உயிர்ப் புள்ளி), எம்பி (மந்திரப் புள்ளி) இரண்டும் நிறைந்துவிடும். காலையா இரவா என்று நேரத்தையும் மாற்றிக்கொள்ளலாம். சில மான்ஸ்டர்கள் இரவில் மட்டும் வருவதால் இது உதவும். முகாம் தெரிந்தால் நின்றுவிட்டுப் போவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

வாரம் ஒருமுறை மட்டும் ஆடுகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. சேவ் செய்த ஆட்டத்தைத் திறக்கும்போது இதுவரை நடந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது. அடுத்து எங்கே போவது என்பது மறந்தால் மெனுவிலிருந்து கூட்டாளிகளிடம் பேசுங்கள், அவர்களே வழி சொல்வார்கள்.

சண்டை: இதில்தான் விஷயம் இருக்கிறது

ஒவ்வொருவருக்கும் முறை வரும்போது கட்டளை கொடுக்கிறீர்கள். வேகம் அதிகம் உள்ளவருக்கு முன்னால் முறை வரும். நேரம் ஓடாது, டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தும் யோசிக்கலாம். இவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் பலர் இதில் எதுவும் இல்லை என்று நினைத்து 'தாக்கு' என்பதையே அமுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் ஆயுதம். வாள் ஒருவரை அடிக்கும். சாட்டை ஒரே வகை மான்ஸ்டர்களின் கூட்டத்தை அடிக்கும். பூமராங் எதிரில் நிற்கும் எல்லோரையும் அடிக்கும். எரிக்கிடம் பூமராங் கொடுத்தால் தொடக்கத்தில் கூட்டமாக வருபவற்றைச் சீக்கிரம் ஒழிக்கலாம். பாஸ் முன்னால் அதே பூமராங் வீண். ஆயுதம் மாற்றுவதற்குச் சண்டையில் ஒரு முறை செலவாகாது. தன் முறை வரும்போது மாற்றிவிட்டு அதே முறையில் அடிக்கவும் செய்யலாம். எனவே ஒவ்வொருவருக்கும் இரண்டு வகை ஆயுதம் வைத்திருங்கள்.

அடுத்தது ஆள் மாற்றுவது. களத்தில் நான்கு பேர்தான். மற்றவர்கள் பின்னால் காத்திருப்பார்கள். ஒருவர் முறை வரும்போது அவரை இறக்கிவிட்டு இன்னொருவரை ஏற்றலாம், வந்தவர் உடனே செயல்படலாம். அடிபட்டுச் சாகப்போகிறவரை வெளியே எடுத்துவிடுவது நல்ல உத்தி. முன்வரிசை நான்கு பேரும் விழுந்தாலும் ஆட்டம் முடியாது, பின்னால் இருப்பவர்கள் வந்து நிற்பார்கள். வெளியில் உட்கார்ந்திருந்தாலும் அனுபவப் புள்ளி கிடைக்கும் என்பதால் யாரையும் ஒதுக்கிவிட்டோமே என்று கவலைப்பட வேண்டாம்.

மூன்றாவது, புதியவர்கள் பெரும்பாலும் தொடாத பகுதி: வலுவூட்டும், வலுக்குறைக்கும் மந்திரங்கள். பல கேம்களில் இவை பாஸ் மேல் பலிக்காது, அதனால் நாமும் மறந்துவிடுவோம். இங்கே பலிக்கின்றன. 'பஃப்' நம் தற்காப்பைக் கூட்டும், 'ஊம்ஃப்' தாக்கும் வலுவைக் கூட்டும், 'சாப்' எதிரியின் தற்காப்பைக் குறைக்கும். இவற்றில் எது யாருக்குக் கிடைத்தாலும் பாஸ் சண்டையின் முதல் இரண்டு முறைகளை அதற்கே செலவழியுங்கள். வலுவான மான்ஸ்டர்கள் கட்டுப்பாட்டைப் போட்டவர்களுக்கு இது விருப்பத் தேர்வு இல்லை, கட்டாயம்.

மந்திரங்களின் பெயர்கள் முதலில் உளறல் மாதிரி இருக்கும். ஃபிரிஸ் என்றால் நெருப்பு, கிராக் என்றால் பனி, வூஷ் என்றால் காற்று, பேங் என்றால் வெடி. அதற்கு முன்னால் 'கா' சேர்ந்தால் அதே மந்திரத்தின் பெரிய வடிவம். அப்புறம் தானாக வந்துவிடும்.

உடல் நீல ஒளியில் மினுங்கத் தொடங்கினால் அவருக்கு 'பெப்' ஏறியிருக்கிறது. அடி வாங்கியும் அடித்தும் ஒரு கட்டத்தில் தானாக ஏறும். அப்போது வலு கூடும், இரண்டு மூன்று பேருக்கு ஒன்றாக ஏறியிருந்தால் சேர்ந்து செய்யும் சிறப்புத் தாக்குதல்களும் திறக்கும். சில முறைகளில் இறங்கிவிடும். இங்கே ஒரு தந்திரம்: பாஸுக்கு முந்தைய சின்ன சண்டையில் யாருக்காவது பெப் ஏறினால் அவரைப் பின்வரிசைக்கு அனுப்பிவிடுங்கள். வெளியில் இருக்கும்வரை அது இறங்காது. பாஸ் முன்னால் போய் நின்றதும் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

இன்னொன்று. லெவல் ஏறும்போது எச்பி, எம்பி முழுக்க நிறையும். அடுத்த லெவலுக்குக் கொஞ்சம்தான் பாக்கி என்றால் மருந்தை வீணாக்காமல் இன்னொரு சண்டை போட்டுவிட்டுப் போகலாம்.

வெள்ளி நிறத்தில் பளபளக்கும் மெட்டல் ஸ்லைம் எதிர்ப்பட்டால் மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு அதை அடியுங்கள். அடி அவ்வளவாக இறங்காது, மந்திரமும் பலிக்காது, இரண்டாவது முறையிலேயே ஓடிப்போகவும் பார்க்கும். ஆனால் விழுந்துவிட்டால் கிடைக்கும் அனுபவப் புள்ளி பத்துப் பன்னிரண்டு சண்டைகளுக்குச் சமம். அதுவாக வந்தால் சரி. அதைத் தேடி மணிக்கணக்கில் அலைவதை இந்தக் கட்டத்தில் நான் பரிந்துரைக்கமாட்டேன்.

திறன் பலகையில் புள்ளி போடுவது

லெவல் ஏறும்போது கிடைக்கும் திறன் புள்ளிகளை அறுகோணக் கட்டங்கள் கொண்ட பலகையில் செலவழிக்க வேண்டும். ஒரு கட்டத்தைத் திறந்தால் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் கட்டங்கள் திறக்கும். இங்கே தப்பாகப் போட்டுவிடுவோமோ என்ற பயம் எல்லோருக்கும் வரும். தேவையே இல்லை. சிலையிடமோ தேவாலயத்திலோ ஒரு புள்ளிக்கு 20 பொற்காசு கொடுத்தால் திரும்பப் பெற்று வேறு இடத்தில் போடலாம்.

ஆரம்பத்துக்கு இது போதும். கதாநாயகனுக்கு ஒற்றைக் கை வாள் அல்லது இரு கை வாள், இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு அதிலேயே போங்கள். இரு கை வாளில் சேதம் அதிகம், ஆனால் கேடயம் பிடிக்க முடியாது. எனக்கு அது பிடித்திருக்கிறது. எரிக்குக்கு முதலில் பூமராங், பிறகு திருட்டுத் திறன். சில்வாண்டோ என்ற கூட்டாளி சேர்ந்ததும் அவருடைய ஆட்டக்கலைப் பகுதியில் 'ஹஸில் டான்ஸ்' இருக்கும் கட்டத்தை நோக்கி நேராகப் போங்கள். குழு முழுவதற்கும் ஒரே நேரத்தில் எச்பி ஏற்றும் நடனம் அது. அவருடைய வசீகரம் கூடக்கூட அதன் பலனும் கூடும், அதனால் வசீகரம் தரும் உடை, நகை எது கிடைத்தாலும் அவருக்கே. வழியில் சேரும் வெரோனிகாவும் செரீனாவும் லெவல் ஏறும்போதே பெரும்பாலான மந்திரங்களைக் கற்றுக்கொள்வார்கள், அவர்கள் பலகையைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

காசும் தோல்வியும்

எல்லோரும் விழுந்துவிட்டால் இரண்டு வழி. கடைசி ஆட்டோசேவுக்குத் திரும்பலாம். அல்லது இதுவரை சம்பாதித்த அனுபவத்தோடு தேவாலயத்தில் எழலாம், ஆனால் கையில் இருக்கும் காசில் பாதி போய்விடும். வங்கியில் போட்ட காசு போகாது. ஆயிரம் ஆயிரமாகத்தான் போட முடியும். ஊருக்குள் வங்கி கண்ணில் பட்டால் ஆயிரத்துக்கு மேல் இருப்பதைப் போட்டுவிடுங்கள்.

கடையில் புது ஊர் வந்ததும் எல்லோருக்கும் எல்லாம் வாங்க வேண்டும் என்று தோன்றும். காசு போதாது. கவசத்துக்கும் கேடயத்துக்கும் முதலிடம் கொடுங்கள், ஆயுதத்தைப் பட்டறையில் செய்துகொள்ளலாம்.

பட்டறை

தொடக்கத்திலேயே கையடக்கமான ஒரு பட்டறை கிடைக்கும். எஸ் பதிப்பில் அதை எங்கே வேண்டுமானாலும் விரித்து வேலை செய்யலாம். குறிப்பும் பொருளும் இருந்தால் போதும். பொருள் குறைந்தால், ஏற்கெனவே கடைகளில் பார்த்த பொருளாக இருக்கும்பட்சத்தில் அங்கேயே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம்.

இரும்பைச் சுத்தியலால் அடிக்க வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு அளவுகோல். அது பச்சைப் பகுதிக்குள் நிற்க வேண்டும், அதிலும் குறித்த இடத்தில் சரியாக நின்றால் இன்னும் நல்லது. அடிக்க அடிக்கச் சூடு இறங்கும், சூடு இறங்கினால் அடியின் வேகமும் குறையும். எனவே சூடாக இருக்கும்போது நீளமான அளவுகோல்கள் மேல் பெரிய அடி, ஆறிய பிறகு நுணுக்கமான அடி. நன்றாக வந்தால் பொருளோடு +1, +2, +3 என்று சேரும். +3 ஆயுதம் பல சமயம் அடுத்த ஊர்க் கடையில் இருப்பதைவிட மேல்.

முதலில் சொதப்பும். சொதப்பினாலும் ஒவ்வொரு முறையும் சில முத்துகள் கிடைக்கும். அந்த முத்துகளைக் கொடுத்து அதே பொருளை மறுபடி அடித்துச் சீர்படுத்தலாம். தேவையில்லாத சின்னப் பொருளையும் ஒரு தடவை செய்து பார்ப்பது இதற்காகத்தான். கடையில் வாங்கிய சாதாரண வாளைக்கூடக் குறிப்பு இருந்தால் இப்படி மேம்படுத்தலாம்.

இந்தப் பட்டறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்துவிடுகிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. இதுவரை கேமில் எனக்கு மிகப் பிடித்த பகுதி எது என்றால், கதையைவிட இதைத்தான் சொல்வேன்.

மாட்டிக்கொள்ளக்கூடிய இடம்

கல்லோபொலிஸ் பாலைவனம் வரை பெரிய தடங்கல் இருக்காது. பலர் திணறுவது ஆக்டகோனியாவில். அங்கே முகமூடி அணிந்தவர்கள் இருவர் இருவராக மோதும் போட்டி நடக்கும். உங்கள் வழக்கமான கூட்டாளிகள் யாரும் கூட வரமாட்டார்கள். கேம் கொடுக்கும் ஒரு துணையோடு மேடை ஏற வேண்டும், அவரை நீங்கள் இயக்க முடியாது. இதுவரை எல்லா நல்ல கவசத்தையும் மற்றவர்களுக்குக் கொடுத்து கதாநாயகனைப் பட்டினி போட்டிருந்தால் இங்கே தெரிந்துவிடும். போட்டிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன்பே அவருக்குப் புதுக் கவசம் போட்டு, சில மூலிகைகளை அவர் கையிலேயே கொடுத்து வையுங்கள்.

போட்டிக்குப் பிறகு அதே ஊரில் ஒரு சிலந்தி பாஸ் வரும். முதல் பாதியில் உண்மையாகவே தோற்கவைக்கக்கூடியது இதுதான். லெவல் இருபதை ஒட்டி இருந்தால் போதும், அதற்கு மேல் ஏற்றிக்கொண்டிருக்க வேண்டாம். ஒருவர் முழுநேரமும் குணப்படுத்த, ஒருவர் பஃப், சாப் என்று பார்த்துக்கொள்ள, இரண்டு பேர் அடிக்க. இந்தப் பிரிவினையை இங்கே பழகிக்கொண்டால் பிறகு எங்கும் உதவும்.

இப்போதைக்கு விட்டுவிடலாம்

புவேர்ட்டோ வேலோரில் சூதாட்ட விடுதி இருக்கிறது. போக்கர், ரூலெட், ஸ்லாட் எல்லாம் உண்டு. பரிசுகள் நல்லவைதான். ஆனால் ஒரு மாலை முழுவதும் அங்கேயே போய்விடும்.

சிறு பணிகள் கொடுக்கும் ஊர்க்காரர்கள் வரைபடத்தில் தெரிவார்கள். எல்லோரிடமும் பேசிப் பணியை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் முடிப்பதற்கென்று அலையாதீர்கள். குறிப்பிட்ட மான்ஸ்டரைக் குறிப்பிட்ட பெப் தாக்குதலால் அடித்துவிட்டு வா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பெப் தானாக ஏறக் காத்திருந்து காத்திருந்து வெறுத்துப்போகும்.

பழைய கேம்கள் போலத் தெரியும் டூ-டி வடிவில் முழுக் கதையையும் ஆடும் வசதி எஸ் பதிப்பில் இருக்கிறது. பார்க்க அழகு. ஆனால் மாற்றினால் ஏதாவது ஒரு அத்தியாயத்தின் தொடக்கத்துக்குப் போக வேண்டும், அதில் மான்ஸ்டர்களும் கண்ணுக்குத் தெரியாமல் திடீர் திடீரென்று வரும். முதல் முறை த்ரீ-டியிலேயே ஆடுங்கள். பழைய டிராகன் குவெஸ்ட் உலகங்களுக்குக் கூட்டிப்போகும் டிக்கிங்டன் பகுதியும் அப்படித்தான், முந்தைய பாகங்களை ஆடியவர்களுக்குத்தான் அதில் சுவாரசியம்.

பிடிக்காதவை

கதாநாயகன் பேசவே மாட்டான். இந்த வரிசையின் மரபு அது என்று தெரியும். ஆனாலும் சுற்றி இருப்பவர்கள் எல்லாம் அழுது, கத்தி, உருகி நிற்கும்போது இவன் மட்டும் தலையாட்டிக்கொண்டு நிற்பது சில இடங்களில் பொறுக்கவில்லை. சண்டை இசையும் அதிகம் மாறுவதில்லை. ஆர்கெஸ்ட்ரா வாசித்தாலும் அதே பாட்டை எத்தனை முறை கேட்பது? நான் நீளமாக ஆடும் நாட்களில் இசையின் ஒலியைக் குறைத்து வைத்துவிடுகிறேன்.

ஒவ்வொரு ஊரும் ஒரே அச்சில் வருகிறது என்பதையும் சொல்லவேண்டும். போகிறோம், ஊரில் ஒரு பிரச்சினை, தீர்க்கிறோம், அடுத்த ஊர். ஒரே நாளில் இரண்டு மூன்று ஊர்களை முடித்தால் அலுப்பு தட்டும். ஒரு நாளைக்கு ஒரு ஊர் என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொன்றும் தனிச் சிறுகதை போல நிற்கிறது. லோனலுலு என்ற தீவில் ஒரு கடற்கன்னியின் கதை வருகிறது. அதை முடித்த அன்று வேறு எதையும் ஆடாதீர்கள், வைத்துவிடுங்கள். அங்கே ஒரு இடத்தில் உண்மையைச் சொல்வதா பொய் சொல்வதா என்று உங்களைக் கேட்பார்கள். அதற்கும் எந்த வழிகாட்டியையும் பார்க்க வேண்டாம், மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

கப்பல் வந்த பிறகு போகும் இடங்கள் சட்டென்று பெருகும். கதை சொல்லும் இடத்துக்கு நேராகப் போவதற்கு முன் வழியில் தெரியும் சின்னத் தீவுகளில் இறங்கிப் பாருங்கள், பெட்டிகளும் மின்னும் புள்ளிகளும் இருக்கும். மான்ஸ்டர் ஒன்று மொத்தக் குழுவையும் இரண்டே அடியில் சாய்த்தால் இடம் மாறி வந்துவிட்டோம் என்று பொருள். ஆட்டோசேவுக்குத் திரும்பி, கப்பலில் ஏறி, வேறு பக்கம் போங்கள்.